இரும்பை அரிக்கும் காற்று
நாம் நடக்கும் பாலங்களுக்கு வயதை மட்டும் பார்த்தால் போதுமா?

குஜராத் மாநிலம் மோர்பி நகரில் 2022ஆம் ஆண்டு அக்டோபர் 30ந் தேதி மாலை தொங்குபாலம் அறுந்து 135 பேர் உயிரிழந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழுது பார்த்துத் திறந்து நான்கே நாட்கள்தான் ஆகியிருந்தன. பாலத்தில் அளவுக்கு மீறிக் கூட்டம் ஏறியது என்பதோடு அந்தச் செய்தி பலருக்கு முடிந்து போயிற்று.

அரசு நியமித்த சிறப்புப் புலனாய்வுக் குழு பின்னர் கொடுத்த அறிக்கையை அவ்வளவு பேர் படித்திருக்க மாட்டார்கள். பாலத்தைத் தாங்கிய பிரதான கேபிள் ஏழு புரிகளால் ஆனது. ஒவ்வொரு புரியிலும் ஏழு எஃகுக் கம்பிகள். ஆக மொத்தம் 49. அறுந்து போன கேபிளைப் பரிசோதித்தபோது 22 கம்பிகள் துருவேறியிருந்தன. அவை விபத்துக்கு முன்பே அறுந்திருக்கக் கூடும் என்று குழு கூறியது. மீதி 27 கம்பிகளே அன்றைக்குப் புதிதாக அறுந்தவை.

கூட்டம் அறுத்தது அந்த 27 கம்பிகளை. மற்ற 22 கம்பிகள் எந்த நாளில், எந்த வேளையில் ஒவ்வொன்றாக அறுந்தன என்பது யாருக்கும் தெரியாது. பாலத்தைப் பழுது பார்க்க எடுத்தவர்கள் நடைபாதையை மாற்றினார்கள். பிரதான கேபிளை மாற்றவில்லை.

இப்படி அறுவது வெறும் துருவினாலா, அல்லது ஓயாத ஆட்டத்தினாலா என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டும் கூட்டுச் சேர்ந்துதான் வேலை செய்யும் என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். அந்தக் கூட்டைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். நான் எஞ்சினீயர் அல்ல. ரயில்வே ஆபீசில் பைல் தள்ளும் குமாஸ்தா. ஆனால் தினமும் இரண்டு வேளை நடைமேம்பாலம் ஏறி இறங்குகிறவன். இதைப் படிப்பவர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான்.

இரும்புக்கு வரும் அசதி

கட்டுக் கம்பி ஒன்றை எடுத்து இப்படியும் அப்படியுமாகப் பத்துத் தடவை மடக்கி நிமிர்த்தினால் முறிந்து விடும். ஒரே இழுப்பில் அதை அறுக்க நம்மால் ஆகாது. சிறிய விசை, ஆனால் திரும்பத் திரும்ப. பாலத்தின் கர்டருக்கும், ரயில் சக்கரத்தின் அச்சுக்கும், தண்டவாளத்துக்கும் இதே கதிதான். கம்பி பத்துத் தடவையில் முறிகிறது, அவை பல லட்சம் தடவைக்குப் பிறகு. இதைத்தான் உலோக அயர்வு என்கிறார்கள்.

இதை உலகம் கற்றுக் கொண்டதே ரயிலில்தான். பிரான்சில் வெர்சேல்ஸ் அருகே 1842ஆம் ஆண்டு மே 8ந் தேதி எஞ்சினின் அச்சு முறிந்து ரயில் கவிழ்ந்து தீப்பிடித்தது. பெட்டிகளின் கதவுகள் வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உள்ளேயே வெந்து மாண்டனர். நல்ல இரும்பு, பாரமும் அதிகமில்லை, பின் ஏன் முறிந்தது என்ற கேள்வி எழுந்தது. ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்ற ரயில்வே எஞ்சினீயர் 1850களிலும் 1860களிலும் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிப் பரிசோதித்தார். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விசை இருந்தால், எத்தனை லட்சம் தடவை ஆட்டினாலும் எஃகு முறிவதில்லை என்று கண்டார். எஃகுக்கு இப்படி ஒரு தாங்கும் எல்லை உண்டு என்ற நம்பிக்கையில்தான் பின்வந்த எஞ்சினீயர்கள் பாலங்களுக்கும் இயந்திரங்களுக்கும் கணக்குப் போட்டார்கள்.

அந்த எல்லை எல்லா இடத்திலும் ஒன்றுதானா என்ற கேள்வி எழ மேலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதல் உலக யுத்தத்தின்போது கடலில் இழுத்துச் செல்லும் எஃகு வடங்கள் கணக்குக்கு முன்பே அறுந்தன. பிரிட்டனைச் சேர்ந்த ஹெய், அரிப்பும் அயர்வும் சேர்ந்தால் வரும் சேதம் தனி ரகம் என்று 1917இல் எடுத்துச் சொன்னார். 1930களின் தொடக்கத்தில் காஃப், சாப்வித் என்ற இருவர் ஒரு படி மேலே போனார்கள். செம்பு, பித்தளை முதலியவற்றைக் காற்று அகற்றிய பெட்டிக்குள் வைத்து ஆட்டினார்கள். வெளிக்காற்றில் ஆட்டியதைவிட அவை அதிக நேரம் தாங்கின. உப்புத் தண்ணீர் இல்லை, அமிலம் இல்லை. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றே உலோகத்துக்குப் பகை என்பது அப்போதுதான் ருசுவாயிற்று.

காரணத்தை எளிமையாகச் சொன்னால் இதுதான். உலோகம் ஆடும்போது அதன் உள்ளே மெல்லிய அடுக்குகள், சீட்டுக் கட்டைச் சரித்தாற்போல, ஒன்றின் மேல் ஒன்று நழுவுகின்றன. திரும்பி ஆடும்போது பழைய இடத்துக்கே நழுவி வந்து விட்டால் நஷ்டமில்லை. ஆனால் நழுவிய இடத்தில் புதிதாக வெளியே தெரிந்த உலோகத்தை அந்த நொடியிலேயே காற்றிலுள்ள பிராணவாயுவும் ஈரமும் பிடித்துக் கொண்டு ஒரு தோலைப் போர்த்தி விடுகின்றன. பிறகு அந்த அடுக்கு பழைய இடத்துக்குச் சரியாகத் திரும்ப முடிவதில்லை. அங்கே ஒரு பள்ளம் விழுகிறது. நாளடைவில் அது விரிசலாகிறது. வெற்றிடத்தில் தோல் போர்த்த ஆளில்லை.

உப்பு சேர்ந்தாலோ கேட்கவே வேண்டாம். உப்பு இரும்பில் குழி பறிக்கும். குழி விழுந்த இடத்தில் விசை குவியும். அங்கிருந்து விரிசல் கிளம்பும். பாரம் ஏறும்போது விரிசல் வாயைத் திறந்து ஈரத்தை உறிஞ்சுகிறது; பாரம் இறங்கும்போது மூடிக் கொள்கிறது. உள்ளே உண்டாகும் துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும் பொருள் என்பதால் ஆப்பு வைத்தாற்போல நெம்புகிறது. இந்த நிலையில் வோலர் கண்ட தாங்கும் எல்லை என்பதே இல்லாமல் போய்விடுகிறது. எவ்வளவு சிறிய ஆட்டமானாலும், போதிய நாள் கொடுத்தால் முறியும்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. ஆட்டம் மெதுவாக இருந்தால், ஒவ்வொரு ஆட்டத்திலும் அரிப்புக்குக் கிடைக்கும் அவகாசம் அதிகம். ஆகவே ஆய்வுக்கூடத்தில் ஒரே வாரத்தில் பத்து லட்சம் தடவை வேகமாக ஆட்டிப் பார்த்து, கம்பி தாங்கியது என்று சான்று கொடுத்தால், அது முப்பது வருஷம் கடற்கரையில் நிற்கும் கம்பிக்குப் பொருந்தாது.

பார்த்தும் சொல்லாத பயணி

ஹவாய்த் தீவுகளில் 1988ஆம் ஆண்டு ஏப்ரல் 28ந் தேதி நடந்த ஆகாய விமான விபத்தை இதற்குப் பாடமாகவே சொல்வார்கள். அலோகா என்ற கம்பெனியின் போயிங் 737 விமானம், ஹிலோவிலிருந்து ஹோனலூலுவுக்கு 95 பேருடன் பறந்து கொண்டிருந்தது. 24,000 அடி உயரத்தில் அதன் முன்பகுதிக் கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக் கொண்டு போயிற்று. நின்று கொண்டிருந்த விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு மறைந்தார். மற்ற எல்லோரும், பலர் பலத்த காயங்களுடன், விமானி திறமையாக இறக்கியதால் தப்பினர்.

அந்த விமானத்துக்கு வயது 19 தான். ஆனால் தீவுக்குத் தீவு தாவும் குட்டிப் பயணங்கள் என்பதால் 89,680 தடவை ஏறி இறங்கியிருந்தது. ஒவ்வொரு தடவையும் உடல் ஊதிச் சுருங்கும் அயர்வு ஒரு பக்கம். எந்நேரமும் கடலின் உப்புக் காற்று மறுபக்கம். தகடுகளை ஒட்டிய பசை விட்டு, இடுக்கில் அரிப்பு ஏறி, ரிவெட்டுக்கு ரிவெட் விரிசல் ஓடியிருந்தது. பராமரிப்புச் சோதனையில் அது பிடிபடவில்லை என்று அமெரிக்க விசாரணைக் குழு கண்டித்தது.

விமானத்தில் ஏறும்போதே ஒரு பயணி, கதவருகே தகட்டில் விரிசல் ஓடியிருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. இந்தச் சம்பவத்தில் என் மனதை விட்டு அகலாத விவரம் இதுவே.

பார்க்கவே முடியாத விரிசலும் உண்டு. அமெரிக்காவில் ஓஹயோ ஆற்றின் மேல் 1928இல் கட்டிய சில்வர் பிரிட்ஜ், 1967ஆம் ஆண்டு டிசம்பர் 15ந் தேதி மாலை நெரிசல் நேரத்தில் சில விநாடிகளில் ஆற்றில் விழுந்தது. 46 பேர் மாண்டனர். காரணம், ஒரே ஒரு எஃகுச் சட்டத்தின் கண்ணில், சுமார் இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு அரிப்பால் வளர்ந்த விரிசல். இணைப்பைக் கழற்றினால் ஒழிய அதைப் பார்த்திருக்க முடியாது. அதன் பிறகுதான் அந்த நாட்டில் பாலங்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதித்தாக வேண்டும் என்று சட்டமே வந்தது.

நம் ஊர்க் காற்று

மும்பைக்கு வருவோம். மழைக்காலத்தில் அடுக்களையில் உப்பு ஜாடி கசிவதை வீட்டில் கவனித்திருப்பீர்கள். மழை உள்ளே வரவில்லை. உப்பே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கொள்கிறது. கடற்காற்று கொண்டு வந்து படியவைக்கும் உப்பும் பாலத்தின் இரும்பின் மேல் இதே வேலையைச் செய்கிறது. மழை நின்று வெயில் அடித்தாலும் இரும்பின் தோல் முழுக்கக் காய்வதில்லை. நாக்பூரிலோ போபாலிலோ நிற்கும் அதே அளவுக் கர்டர், அதே எடையைச் சுமந்தாலும், நம் கடலோரத்தில் நிற்கும் கர்டரோடு ஒரே வேகத்தில் கிழடாவதில்லை.

2018ஆம் ஆண்டு ஜூலை 3ந் தேதி காலை அந்தேரியில் கோகலே மேம்பாலத்தின் நடைபாதை அப்படியே தண்டவாளத்தின் மேல் விழுந்தது. ஐந்து பேர் காயமடைந்தனர். அவர்களில் எல்லோரும் பிழைக்கவில்லை. வெளியே நீட்டிய இரும்புத் தாங்கிகள் துருவேறிப் பலமிழந்ததும், நடைபாதையின் மேல் கேபிளும் கல்லுமாகப் பாரம் கூடிக் கொண்டே போனதும் பேசப்பட்டன. உடனே ரயில்வே, மாநகராட்சி, ஐ.ஐ.டி. மூன்றும் சேர்ந்து மும்பையின் 445 பாலங்களைச் சோதிக்கும் என்று அறிவிப்பு வந்தது. அடுத்த ஆண்டே, 2019 மார்ச் 14ந் தேதி மாலை, சி.எஸ்.எம்.டி. நிலையத்தை ஒட்டிய ஹிமாலயா நடைமேம்பாலம் இடிந்து ஆறு பேர் மாண்டனர். அந்தப் பாலத்தை ஏற்கெனவே சோதித்து, சிறு பழுதுகள் பார்த்தால் போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2025ஆம் ஆண்டு ஜூன் 15ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, புனே அருகே குண்ட்மலாவில் இந்திராயணி ஆற்றின் மேலிருந்த துருவேறிய பழைய இரும்புப் பாலம் சுற்றுலாக் கூட்டத்தோடு விழுந்து நால்வர் இறந்தனர்.

இவை எல்லாமே உலோக அயர்வு என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் வேறு வேறு குறைகள் உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் கடைசி நாளின் கூட்டத்தையும் பாரத்தையும் பற்றி நிறையப் பேசினோம். அதற்கு முன் இருபது முப்பது வருஷமாக ஈரமும் காற்றும் செய்த வேலையைப் பற்றிக் குறைவாகப் பேசினோம்.

காற்று என்றால் கடற்காற்று மட்டுமல்ல. இரும்பைச் சுற்றியுள்ள எல்லாமே அதற்குக் காற்றுதான். கல்கத்தா ஹௌரா பாலத்தின் தாங்கிகளின் அடிப்பாகத்தில் ஜனங்கள் வெற்றிலைச் சாற்றைத் துப்பித் துப்பி, ஆறு மில்லிமீட்டர் இருந்த இரும்புக் கவசம் சில ஆண்டுகளில் பாதியாகக் கரைந்து போனதாகத் துறைமுக அதிகாரிகள் 2011 வாக்கில் தெரிவித்தார்கள். பிறகு கண்ணாடி நாரிழைத் தகட்டால் அதை மூடினார்கள். நம் நிலையங்களில் மாடிப்படித் திருப்பங்களில் உள்ள தூண்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

ரயில் பெட்டிக் கழிப்பறைகளிலிருந்து நேரே தண்டவாளத்தில் விழுந்த கழிவும் இப்படித்தான் வேலை செய்தது. தண்டவாளத்தின் அடிப்பாகத்தை, அதுவும் கிளிப் பிடிக்கும் இடத்தில், அது அரித்தது. பெட்டிகளுக்கெல்லாம் பயோ டாய்லெட் வந்ததைச் சுத்தத்துக்காக என்று மட்டும் நினைக்கிறோம். அது தண்டவாளத்துக்கும் வைத்தியம். ஓய்வு பெற்ற கீமேன் ஒருவர், நெல்லைச் சீமைக்காரர், எங்கள் பக்கத்தில் குடியிருக்கிறார். அவரிடம் இதைக் கேட்டேன்.

“தண்டவாளம் மேலே பளபளன்னு இருக்கும் தம்பி. அடியிலே கையை விட்டுத் தடவிப் பார்த்தாத்தான் தெரியும். மேலே பார்த்துட்டுப் போறவனுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும்” என்றார்.

“அப்போ பெயின்ட் அடிச்சா போதாதா அண்ணாச்சி?” என்றேன்.

“சுரண்டிட்டு அடிச்சா போதும். சுரண்டாம அடிச்சா, துருவுக்குப் போர்வை போத்துறதுதான்.”

கடற்காற்றில் இரும்பு நிலைக்கவே நிலைக்காது என்று முடிவு கட்டி விடவும் கூடாது. நம் பாம்பன் பாலம் கடலுக்கு நடுவிலேயே நின்றது. 1914 பிப்ரவரியில் திறந்தது. 1964 டிசம்பர்ப் புயல் அதைக் குலைத்துப் போட்டபோது ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் நிமிர்த்தினார்கள். நூறாண்டு தாண்டியும் ஓடியதற்குக் காரணம், எந்த நாளும் அதன் மேல் ஆள் இருந்தது. சுரண்டுவதும் பூசுவதும் பழுதானதை மாற்றுவதும் ஓயவில்லை. ரயிலும் அதன் மேல் ஊர்ந்துதான் போயிற்று. கடைசிக் காலத்தில் கப்பலுக்காகத் தூக்கும் பகுதியில் அதிர்வை அளக்கும் கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். 2022 டிசம்பரில் அவை எச்சரிக்கை காட்டியதும் ரயிலை நிறுத்தினார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. 2025 ஏப்ரல் 6ந் தேதி திறந்த புதிய பாலத்தில் துருவேறாத எஃகுக் கம்பியும், பாலிசிலாக்சேன் என்ற தனிப் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். எந்தக் காற்றில் நிற்கப் போகிறது என்பதைக் கட்டும்போதே கணக்கில் எடுத்ததால் வந்த செலவு அது.

பாம்பனுக்குப் போட்ட அந்தக் கணக்கை நம் பேட்டைப் பாலங்களுக்கு யார் போடுகிறார்கள்? 1912இல் கட்டிய சயான் மேம்பாலத்தை 2024 ஆகஸ்ட் 1ந் தேதி மூடியபோது தாராவிவாசிகள் பட்ட அவதி நமக்குத் தெரியும். ஏன் மூடினீர்கள் என்று கோபப்பட்டோம், நியாயந்தான். ஆனால் மூடுகிற வரையில் அதன் அடியில் யார் எப்போது பார்த்தார்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்? நானும் கேட்கவில்லை.

ஒரு பாலம் கட்டி எத்தனை வருஷம், கடைசியாகச் சோதித்து எத்தனை மாதம் என்ற இரண்டு தேதிகளோடு நம் விசாரணை நின்று விடுகிறது. உள்நாட்டுப் பாலத்துக்கும் கடலோரப் பாலத்துக்கும் ஒரே காலண்டர் வைப்பது என் அபிப்பிராயத்தில் தவறு. கடலோரத்தில், சாக்கடைக் கால்வாய் மேல், ரசாயனத் தொழிற்சாலைப் பக்கத்தில் நிற்கும் பாலங்களுக்குச் சோதனையை நெருக்கமாக வைக்க வேண்டும். கண்ணால் மட்டும் பார்த்து எழுதித் தரும் சோதனையும் போதாது. தண்டவாளத்தின் உள் விரிசலைக் கண்டுபிடிக்க அல்ட்ராசோனிக் கருவியைத் தள்ளிக் கொண்டு போகிறோமே, அது போன்ற கருவிகளை நடைமேம்பாலத்தின் பற்றவைப்புகளிலும் தூணின் அடிப்பாகத்திலும் வைத்துப் பார்க்கச் செலவாகும். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கும் கூடும். அந்த அசௌகரியத்துக்கு நாமும் தயாராக வேண்டும். மெகா பிளாக் என்றாலே வைகிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஊரிலிருந்து வந்த மாமனாரைக் கூட்டிக் கொண்டு கல்யாணத்துக்குப் போகும் அன்றைக்குத்தான் அது வந்து சேரும்.

நம் பங்குக்குச் செய்யக் கூடியதும் உண்டு. ரிவெட் தலைக்குக் கீழே பழுப்பு நிறத்தில் நீர் வடிந்த தடம், பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கியிருப்பது, பற்றவைப்பின் ஓரத்தில் முடிபோலக் கோடும் அதில் புதுத் துருவும், மழைநீர்க் குழாய் அடைத்துத் தூணின் காலில் தண்ணீர் தேங்குவது, நடக்கும்போது முன்பில்லாத அதிர்வு. இவற்றைக் கண்டால் ரயில்வே பாலமானால் 139க்கும், மாநகராட்சிப் பாலமானால் 1916க்கும் போன் செய்து, பாலத்தின் பெயர், எந்தப் பக்கம், எத்தனையாவது தூண் என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வைத்துக் கொள்ளுங்கள். படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

நான் தினமும் ஏறும் நடைமேம்பாலத்தில் (பெயர் வேண்டாம்) நடுத்தூண் ஒன்றின் அடியில் போன மழைக்காலம் முழுதும் தண்ணீர் தேங்கி நின்றது. மழைநீர்க் குழாய் முழங்கை அளவுக்கு உடைந்து, அத்தனை நீரும் தூணின் மேலேயே கொட்டிற்று. இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை பதிலில்லை. இரண்டாம் தடவைக்குப் பிறகு ஆள் வந்து குழாயை மாட்டி, தூணுக்குப் பச்சைப் பெயின்டும் அடித்து விட்டுப் போனார்கள். தூணின் கால் சிமெண்டுக்குள் இறங்கும் இடத்தில் கால் அங்குலத்துக்குத் தகடு தகடாகப் பெயர்ந்திருந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன். இப்போது அந்த இடமும் பச்சையாக இருக்கிறது. சிமெண்டை உடைத்து அடியில் எவ்வளவு இரும்பு மிச்சம் என்று யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது மனுவை எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.